மாத்திரையா, சொட்டு மருந்தா? அலர்ஜியும் கண் வறட்சியும் சேர்ந்து வந்தால் எதில் தொடங்குவது

கண் அரிக்கிறது. கூடவே மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது. இரண்டும் ஒரே கண்ணில், ஒரே நாளில். இப்படி வரும்போது பெரும்பாலானவர்கள் கைக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதைத்தான் எடுப்போம், அதாவது அலர்ஜி மாத்திரை. நானும் அப்படித்தான் எடுத்தேன். தும்மலுக்காக ஆரம்பித்த செட்டிரிசின் தும்மலை நிறுத்தியது உண்மை. ஆனால் மூன்றாவது வாரம் வாக்கில் கண் எரிய ஆரம்பித்தது, சாயங்காலமானால் கண்ணைச் சிமிட்டுவதே ஒரு வேலையாகிவிட்டது. அலர்ஜி முற்றிவிட்டது போல என்று நினைத்து, அவ்வப்போது போட்டுக்கொண்டிருந்ததைத் தினமும் போட்டேன். எரிச்சல் இன்னும் கூடியது.

கண் மருத்துவர் என் கீழிமை ஓரத்தில் ஒரு சின்னக் காகிதப் பட்டையை மடித்து மாட்டிவிட்டு, ஐந்து நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். ஷிர்மர் சோதனை என்று பெயர். ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1903-இல் சொன்னது, இன்றும் காகிதப் பட்டைதான். ஐந்து நிமிடத்தில் கண்ணீர் 10 மில்லிமீட்டருக்கு மேல் ஊறினால் கவலையில்லை, 5-க்குக் கீழே நின்றால் சுரப்பே குறைவு என்று அர்த்தம், நடுவில் இருந்தால் மற்ற சோதனைகளையும் பார்த்துத்தான் சொல்வார்கள். எனக்கு 4. பட்டையின் நுனி மட்டும் நனைந்திருந்தது, மீதியெல்லாம் மொறமொறவென்று காய்ந்த வெள்ளைக் காகிதம். அதைப் பார்த்தவுடன் அவர் கேட்டது ஒன்றுதான்: "மாத்திரை ஏதாவது போடுகிறீர்களா?"

அன்றிலிருந்து கண்ணுக்கு எதைச் செய்தாலும் இரண்டு கேள்விகளை வைத்துத்தான் பார்க்கிறேன். இது அரிப்பை என்ன செய்யும்? ஈரத்தை என்ன செய்யும்? ஒன்றுக்கு நல்லது செய்து இன்னொன்றைக் கெடுக்கிற வழிகள் ஆச்சரியப்படும் அளவுக்கு நிறைய இருக்கின்றன. இரண்டுக்கும் நல்லது செய்பவை கொஞ்சம்தான். அதனால் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எதிரெதிரே வைத்துப் பார்ப்போம்.

முதலில், உங்களுக்கு இருப்பது எது

அரித்தால் அலர்ஜி, எரிந்தால் வறட்சி என்று ஒரு மேலோட்டமான கணக்கு உண்டு. முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டிய இடத்தில், கசக்கியே ஆக வேண்டும் என்று தோன்றுகிற அரிப்பு, கூடவே தும்மல், மூக்கொழுகல், நூல் மாதிரி இழுபடும் பீளை, தூசி தட்டும்போதோ பூனை நாய் பக்கத்தில் வரும்போதோ கூடுவது என்றால் அலர்ஜிப் பக்கம் எடை அதிகம். காலையில் பரவாயில்லாமல் இருந்து மாலைக்குள் மோசமாவது, திரையைப் பார்க்கப் பார்க்க எரிவது, எழுத்து மங்கி ஒருமுறை சிமிட்டியதும் தெளிவது, காற்று முகத்தில் அடித்தால் பொலபொலவென்று நீர் கொட்டுவது, இதெல்லாம் வறட்சி. கடைசியாகச் சொன்னதை நிறையப் பேர் நம்புவதில்லை. "என் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறதே, எப்படி வறட்சி?" என்பார்கள். காய்ந்த கண் எரிச்சல் தாங்காமல் வரவழைக்கும் அவசரக் கண்ணீர் அது. தண்ணீராக வந்து கன்னத்தில் வழிந்துவிடும், கண்ணில் தங்காது.

சிக்கல் எங்கே என்றால், இந்த இரண்டும் தனித்தனியாக இருப்பதில்லை. கண்ணின் மேல் இருக்கும் கண்ணீர்ப் படலம் சில மைக்ரான் தடிமன்தான், ஒரு தலைமுடியை ஏறத்தாழ இருபதாகக் கீறினால் வரும் அளவு. அதில் மேலே எண்ணெய், கீழே தண்ணீர், அடியில் கண்ணோடு ஒட்டவைக்கும் வழவழப்பான மியூசின். எண்ணெய் இமை விளிம்பில் இருக்கும் மெய்போமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது, அது இல்லையென்றால் தண்ணீர் ஆவியாகிவிடும். கண்ணில் படும் மகரந்தத்தையும் தூசியையும் கழுவித் தள்ளுவது இந்தப் படலம்தான். படலம் குறைந்தால் கழுவுவதும் குறைகிறது, அலர்ஜி உண்டாக்கும் பொருள் கண்ணிலேயே நேரம் கூடத் தங்குகிறது. மறுபக்கம், அலர்ஜி வந்ததும் மாஸ்ட் செல்கள் என்ற தற்காப்பு செல்கள் ஹிஸ்டமினை, அதாவது அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் வேதிப்பொருளை, கொட்டுகின்றன, இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இமை வீங்குகிறது, மியூசின் தரும் செல்கள் பாதிக்கப்படுகின்றன, படலம் சீக்கிரம் உடைகிறது. வறட்சி அலர்ஜியைக் கூட்டுகிறது, அலர்ஜி வறட்சியைக் கூட்டுகிறது.

1819-இல் லண்டனில் ஜான் பாஸ்டாக் என்ற மருத்துவர் தன் சொந்த நோயைப் பற்றி, இன்று நாம் பருவகால அலர்ஜி என்று சொல்வதைப் பற்றி, ஒரு மருத்துவச் சங்கத்தில் படித்தார். தொல்லை தொடங்குவது கண்ணில்தான் என்கிறார், இமை ஓரத்தில் சூடு, அப்புறம் அரிப்பு, எரிச்சல், சின்னச் சின்னதாக ஏதோ வந்து குத்துவது போன்ற உணர்வு. இருநூறு வருடத்துக்கு முந்தைய வர்ணனையிலேயே அரிப்பும் உறுத்தலும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. நாம்தான் இரண்டையும் தனித்தனி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறோம்.

மாத்திரைக்கு எதிராகச் சொட்டு மருந்து

இந்த ஒரு தேர்வில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அலர்ஜி மாத்திரை ஹிஸ்டமின் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துவிடும். அது அதன் வேலை. ஆனால் பழைய வகை மாத்திரைகள், குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் போன்றவை, அதோடு நிற்பதில்லை. சுரப்பிகளுக்கு "சுரந்துகொள்" என்று நரம்பு சொல்லும் கட்டளையையும் சேர்த்து மறித்துவிடும். வாய் காய்வது அதனால்தான், மூக்கொழுகல் சட்டென்று நிற்பதும் பாதி அதனால்தான். கண்ணீர்ச் சுரப்பியும் அதே கட்டளையில்தான் ஓடுகிறது. மூக்கு காய்ந்தால் சந்தோஷப்படுகிறோம், கண் காய்ந்தால் அலர்ஜி கூடிவிட்டது என்கிறோம்.

செட்டிரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற அடுத்த தலைமுறை மாத்திரைகளில் இந்தத் தொல்லை எவ்வளவோ குறைவு, தூக்கமும் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஏற்கெனவே கண்ணீர் கம்மியாக இருக்கும் கண்ணுக்கு அந்தக் கொஞ்சமே போதும், என் காகிதப் பட்டை அதற்குச் சாட்சி. மாத்திரையில் இருந்தே ஆக வேண்டியவர்கள் எந்த வகை என்று மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம். சளிக்கென்று வாங்கும் கூட்டு மாத்திரைகளின் அட்டையைத் திருப்பி ஒருமுறை படித்துப் பாருங்கள், பழைய குளோர்ஃபெனிரமின் அதற்குள் ஒளிந்திருக்க வாய்ப்பு நிறைய. கண் அழுத்தம் ஏறும் ஆபத்து இருப்பவர்களும் சிறுநீர் தடைபடும் தொல்லை இருப்பவர்களும் அந்தப் பழைய வகையைக் கேட்காமல் தொடவே கூடாது.

சொட்டு மருந்து என்றால் இங்கே நான் சொல்வது ஓலோபடடின், கீட்டோடிஃபென் போன்றவை. இவை ஹிஸ்டமினையும் மறிக்கும், மாஸ்ட் செல் அதைக் கொட்டுவதையும் தடுக்கும், இரட்டை வேலை. மாத்திரை வயிற்றுக்குள் போய் இரத்தத்தில் கலந்து கண்ணுக்கு வருவதற்குள் இது சில நிமிடங்களில் அரிப்பை அடக்கிவிடும். கீட்டோடிஃபென் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஓலோபடடின் எவ்வளவு செறிவு என்பதைப் பொறுத்து ஒரு வேளையோ இரண்டு வேளையோ. உடம்பு முழுக்கச் சுற்றாததால் கண்ணீர்ச் சுரப்பியைக் காய வைப்பதும் மிகக் குறைவு.

எனவே தொல்லை கண்ணில் மட்டும் என்றால் என் ஓட்டு சந்தேகமே இல்லாமல் சொட்டுக்குத்தான். கண்ணில் அரிப்பதற்கு உடம்பு முழுக்க மருந்து ஓட்டுவது, ஒரு தொட்டிச் செடிக்காகத் தோட்டம் முழுக்கத் தண்ணீர் திறந்துவிடுவது மாதிரி. இங்கே திறப்பது தண்ணீர்கூட இல்லை, வறட்சி.

தொல்லை மூக்கிலும் இருந்தால்? அப்போதும் மாத்திரைக்கு முன்னால் இன்னொரு வழி இருக்கிறது. ஃப்ளூடிகசோன், மொமெடசோன் போன்ற மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. மூக்குக்கும் கண்ணுக்கும் நரம்பு வழியாக ஒரு பேச்சுவார்த்தை உண்டு, மூக்கில் அலர்ஜி அடங்கினால் கண் அரிப்பும் ஓரளவு அடங்கும். முழுப் பலன் தெரிய சில நாள் பிடிக்கும், அதற்குள் பொறுமை இழந்து நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம். அடிக்கும்போது குழாயை மூக்கின் நடுச்சுவர்ப் பக்கம் காட்டாமல் வெளிப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கில் புண், இரத்தம். குளுக்கோமா, அதாவது பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் அழுத்த நோய், இருப்பவர்கள் இதையும் கண் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

உடம்பெல்லாம் தடிப்பு, தொடர்ந்து தும்மல், தூக்கமே போச்சு என்ற நிலையில் மாத்திரையை விட்டுவிடச் சொல்லவில்லை. போடுங்கள், ஆனால் கண் என்ன விலை கொடுக்கிறது என்று தெரிந்து போடுங்கள், பக்கத்தில் செயற்கைக் கண்ணீர் ஒன்று இருக்கட்டும்.

செயற்கைக் கண்ணீர்: எல்லாம் ஒன்று கிடையாது

இரண்டு கேள்விகளுக்குமே பயமில்லாமல் நல்ல பதில் தரும் மருந்து இது ஒன்றுதான் என்பேன். ஈரம் தருகிறது, அதோடு கண்ணில் ஒட்டியிருக்கும் மகரந்தத்தையும் ஹிஸ்டமினையும் நீர்த்துப்போகச் செய்து கழுவித் தள்ளுகிறது. அரிப்பு லேசாக இருந்தால் இது மட்டுமே போதுமானதாக இருப்பதும் உண்டு. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துக் கண்ணில் விட்டால் இன்னும் சுகம், குளிர்ச்சியே அரிப்பைப் பாதி அடக்கிவிடும். ஃபிரீசரில் வைக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைக்கலாமா என்பதையும் அட்டையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்தப் புட்டி என்பது முக்கியம். பல பயன்பாட்டுப் புட்டிகளில் கிருமி வளராமல் இருக்க பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்பொருள் சேர்ப்பார்கள். அது ஒருவகையில் சோப்பின் உறவுக்காரன். சோப்பு எண்ணெயை என்ன செய்யும் என்று பாத்திரம் தேய்த்த எல்லோருக்கும் தெரியும். கண்ணீர்ப் படலத்தின் மேலடுக்கு எண்ணெய்தானே, அதையும் அது கலைக்கும், கருவிழியின் மேல்தோலையும் உறுத்தும். எப்போதாவது ஒரு சொட்டு என்றால் கண் சமாளித்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு நாலைந்து முறைக்கு மேல் விடுகிறீர்கள் என்றால் பதப்பொருள் இல்லாத வகைக்கு மாறிவிடுவது நல்லது, ஒருமுறை திருகித் திறந்து தூக்கிப்போடும் குட்டிக் குப்பிகளோ, காற்று உள்ளே போகாத தனி மூடி வைத்த புட்டிகளோ.

இந்தக் குட்டிக் குப்பிகளில் ஒரு விஷயத்தை யாரும் சொல்லித்தருவதில்லை. திருகித் திறந்ததும் முதல் சொட்டைக் கீழே விட்டுவிட வேண்டும், உடைந்த பிளாஸ்டிக் துணுக்கு ஏதாவது இருந்தால் அதோடு போய்விடும். அப்புறம் கீழிமையைக் கொஞ்சம் இழுத்து, உண்டாகும் பையில் ஒரே ஒரு சொட்டு. புட்டியிலிருந்து விழும் ஒரு சொட்டு 30 முதல் 50 மைக்ரோ லிட்டர் வரை இருக்கும், கண்ணுக்குள் தங்குவது அதிகபட்சம் 30 மைக்ரோ லிட்டர் அளவுதான். இரண்டாவது சொட்டு நேராகக் கன்னத்துக்குத்தான் போகும். விட்டபின் கண்ணை மெல்ல மூடி, உள்மூலையை விரலால் ஒரு நிமிடம் அழுத்திக்கொண்டால் மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்குவதும் குறையும். ஓலோபடடின் விட்ட பிறகு நாக்கில் தெரியும் அந்தக் கசப்பு இந்த வழியாக வருவதுதான்.

அப்படியானால் பதப்பொருள் இருக்கும் அலர்ஜிச் சொட்டு கெட்டதா என்று கேட்பீர்கள். ஒன்றிரண்டு வேளைதான் விடுகிறோம் என்பதால் பெரும்பாலான கண்களுக்கு அது பிரச்சினை ஆவதில்லை. வறட்சி கடுமையாக இருந்தால் கீட்டோடிஃபெனிலும் பதப்பொருள் இல்லாத குப்பிகள் உண்டு, கேட்டு வாங்கலாம். இரண்டு மருந்தும் விடுகிறவர்கள் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும், உடனடியாக விட்டால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். ஜெல், களிம்பு போன்ற கெட்டியானவை எப்போதும் கடைசியில், முடிந்தால் படுக்கப்போகும்போது, ஏனென்றால் பார்வை மங்கும்.

இன்னொன்று. சொட்டு விட விட இமைத்தோல் சிவந்து, வறண்டு, செதிலாக உரிந்தால், அந்தச் சொட்டுக்கே உங்களுக்கு அலர்ஜியாக இருக்கலாம். மருந்து போதவில்லை என்று இன்னும் கூடுதலாக விடுவது, நான் மாத்திரையில் செய்த அதே முட்டாள்தனம்.

சிவப்பைப் போக்கும் சொட்டு

இதற்கு நிறைய வார்த்தை செலவழிக்க மனமில்லை. நாஃபசோலின், டெட்ராஹைட்ரோசோலின் போன்றவை இரத்தக் குழாயைச் சுருக்கிக் கண்ணை வெள்ளையாக்கும். ஈரம் தராது. அலர்ஜியின் வேரைத் தொடாது. சில நாள் தொடர்ந்து விட்டு நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகச் சிவக்கும், அதைப் பார்த்து மறுபடியும் விடுவோம். புகைப்படம் எடுக்கும் நாளுக்கு வேண்டுமானால் சரி.

ஸ்டீராய்டும் சைக்ளோஸ்போரினும்

ஸ்டீராய்டு சொட்டின் மேல் எனக்கு மரியாதையும் பயமும் ஒரே அளவுக்கு உண்டு. இரண்டு கேள்விக்கும் அது பிரமாதமான பதில் தரும், அரிப்பும் போகும், அழற்சியால் வந்த வறட்சியும் தணியும், இரண்டே நாளில் புதுக் கண் கிடைத்த மாதிரி இருக்கும். ஆபத்தே அதில்தான். நன்றாக இருக்கிறது என்று மீதியிருக்கும் புட்டியை அடுத்த முறை நாமாகவே எடுத்து விடுவோம். ஸ்டீராய்டு விட்டால் கண் அழுத்தம் ஏறும் உடல்வாகு பலருக்கு உண்டு, ஏறுவது வலிக்காது, தெரியாது. குளுக்கோமாவில் போன பார்வை திரும்பி வராது. நீண்ட நாள் விட்டால் கண்புரையும் சீக்கிரம் வரும். கிருமித் தொற்று, குறிப்பாக ஹெர்ப்பீஸ் வைரஸ் தொற்று, இருக்கும் கண்ணில் போட்டால் நிலைமை தலைகீழாகப் போய்விடும். ஆகவே இது மருத்துவர் கண் அழுத்தத்தை அளந்து, எத்தனை நாள் என்று சொல்லி, படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டிய மருந்து. வீட்டில் யாருக்கோ எழுதிக்கொடுத்ததைக் கடன் வாங்கும் பேச்சே கூடாது.

சைக்ளோஸ்போரினும் அழற்சியை அடக்கும் சொட்டுதான், ஆனால் இதற்கு நேரெதிர் குணம். விட்டவுடன் எரியும், பலன் தெரிய மூன்று மாதம்கூட ஆகும், ஆனால் கண் அழுத்தத்தை ஏற்றாது. கண் வறட்சிக்கு அமெரிக்காவில் 2002-இலேயே அனுமதி பெற்றுவிட்டது. குழந்தைகளுக்கு, அதிலும் ஆண் குழந்தைகளுக்கு, வெப்பமான வறண்ட பருவத்தில் வரும் கடுமையான வெர்னல் அலர்ஜிக்கும் கொடுக்கிறார்கள். அரிப்பும் வறட்சியும் வருடக்கணக்காகச் சேர்ந்தே இருக்கிறவர்களுக்கு, மாதாமாதம் ஸ்டீராய்டுக்குத் திரும்பத் திரும்பப் போவதைவிட இதன் எரிச்சலைச் சில வாரம் பொறுத்துக்கொள்வது மேல் என்பது என் கட்சி. முடிவு மருத்துவருடையது.

கண்ணீர் வடியும் துளையை அடைக்கும் சின்னஞ்சிறு அடைப்பான் பற்றியும் யாராவது சொல்லியிருப்பார்கள். வறட்சிக்கு நல்ல யோசனைதான், இருக்கிற கண்ணீரைத் தேக்கிவைக்கும். ஆனால் அலர்ஜி கொதித்துக்கொண்டிருக்கும் கண்ணில் அடைத்தால் மகரந்தமும் ஹிஸ்டமினும் சேர்ந்துதான் தேங்கும். அலர்ஜியை முதலில் அடக்கிவிட்டு அப்புறம் அதைப் பற்றிப் பேசலாம்.

குளிர்ந்த ஒத்தடமா, வெந்நீர் ஒத்தடமா

செலவில்லாத வைத்தியம்தான், ஆனால் மாற்றிச் செய்தால் வேதனை. அலர்ஜிக்குக் குளிர்ச்சி, குழாய் சுருங்கி வீக்கமும் அரிப்பும் குறையும். வறட்சிக்கு, அதுவும் இமைச் சுரப்பி எண்ணெய் கட்டியாகி அடைத்ததால் வந்த வறட்சிக்கு, வெதுவெதுப்பு. சுமார் 40 டிகிரி செல்சியஸில் ஐந்து முதல் பத்து நிமிடம் வைத்தால் உறைந்த எண்ணெய் இளகும், பிறகு மேலிமையை மேலிருந்து கீழாகவும் கீழிமையைக் கீழிருந்து மேலாகவும் விரலால் மெல்ல நீவிவிட்டால் வெளியே வரும். அரித்துக்கொண்டிருக்கும் கண்ணில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அரிப்பு இன்னும் தலைக்கேறும்.

இரண்டும் இருப்பவர் என்ன செய்வது? நான் நேரம் பிரித்துக்கொண்டேன். பகலில் அரிக்கும்போது ஈரத்துணியைப் பிழிந்து ஐந்து நிமிடம் மூடிய இமையின் மேல். ஐஸ்கட்டியை நேரடியாக வைப்பதில்லை. இரவில், அலர்ஜிச் சொட்டு விட்டு அரிப்பு அடங்கிய பிறகு, வெதுவெதுப்பான ஒத்தடம். துணி ஒரு நிமிடத்தில் ஆறிவிடும், அதைத் திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும், இதுதான் இதில் இருக்கும் ஒரே சலிப்பு. எல்லா ஒத்தடத்தைவிடவும் முக்கியம் கசக்காமல் இருப்பது. கசக்கும்போது மாஸ்ட் செல்கள் இன்னும் உடைந்து இன்னும் ஹிஸ்டமின் கொட்டும், பத்து நொடி சுகம், பத்து நிமிட அவஸ்தை. வருடக்கணக்கில் அழுத்திக் கசக்குகிறவர்களுக்கும், கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்கும் கெரட்டோகோனஸுக்கும் தொடர்பு உண்டு. குழந்தை முஷ்டியால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் திட்டிவிட்டு நகராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அறைக்காற்று: இங்கே இரண்டும் சண்டை போடும்

வறண்ட கண்ணுக்கு ஈரக் காற்று வேண்டும், அதனால் ஈரப்பதமூட்டி வாங்கி வைப்போம். படுக்கையிலும் தலையணையிலும் குடியிருக்கும் தூசி உண்ணிக்கும் அதே ஈரக் காற்றுதான் வேண்டும், அறை ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேலே போகப் போக அது கொழிக்கும். கண்ணுக்கு ஈரம் கொடுக்கப் போய் அலர்ஜிக்குச் சோறு போடுகிறோம். தூசி உண்ணி ஒத்துக்கொள்ளாதவர்கள் ஈரப்பதமானி ஒன்றை வைத்து 40-க்கும் 50-க்கும் நடுவில் நிறுத்திக்கொள்வதுதான் நியாயமான உடன்பாடு. மகரந்தம் மட்டுமே பகை என்றால் இந்த அளவுக்குக் கவலைப்பட வேண்டாம், ஆனால் பூஞ்சை பிடிக்கும் அளவுக்குப் போகக்கூடாது. இயந்திரத்தின் தண்ணீர்த் தொட்டியைக் கழுவாமல் விட்டால் அந்தப் பூஞ்சையை அதுவே காற்றில் தெளிக்கும்.

மின்விசிறியோ ஏசியோ நேராக முகத்தில் அடிக்காமல் திருப்பிவைப்பது இரண்டு பக்கத்துக்கும் லாபம். தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதும், வெளியே போய்விட்டு வந்ததும் முகமும் இமையும் கழுவுவதும், மகரந்தக் காலத்தில் படுக்கும்முன் தலைக்குக் குளிப்பதும் அப்படித்தான். திரையைப் பார்க்கும்போது நாம் சிமிட்டுவது பாதிக்கும் கீழே போய்விடுகிறது, சிமிட்டினாலும் இமை முழுக்க மூடுவதில்லை. அதற்கு எந்தச் சொட்டும் மாற்று இல்லை, நிறுத்தி, நினைவாக, முழுக்க மூடித் திறக்க வேண்டியதுதான்.

காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்கு: மகரந்தக் காலத்தில் கண்ணாடிக்கு மாறிவிடுவதுதான் எளிது, கண்ணாடி ஒரு தடுப்பாகவும் நிற்கும். விடமுடியாது என்றால் மாதக்கணக்கில் கழுவிப் போடுவதைவிட தினம் ஒன்றைப் போட்டுத் தூக்கியெறியும் வகை மேல், அலர்ஜிப் பொருள் அதில் சேர்ந்து படிய நேரமில்லை. பதப்பொருள் உள்ள சொட்டை விட்டால் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்துத்தான் லென்ஸ். கண் சிவந்திருக்கும்போது லென்ஸே வேண்டாம்.

சரி, எதில் தொடங்குவது

கண்ணில் மட்டும் அரிப்பும் உறுத்தலும் என்றால், பதப்பொருள் இல்லாத செயற்கைக் கண்ணீர், கூடவே அலர்ஜிச் சொட்டு, குளிர்ந்த ஒத்தடம். மாத்திரை வேண்டாம். மூக்கும் சேர்ந்து படுத்தினால் ஸ்ப்ரேயைச் சேருங்கள், அதற்கும் அடங்காவிட்டால்தான் மாத்திரை, அதிலும் பழைய வகை கடைசி. தினமும் மாத்திரை போட்டும் கண் எரிகிறது என்றால், கூட்டுவதற்கு முன்னால் குறைத்துப் பார்க்க முடியுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். வேறு எதற்காவது போடும் மாத்திரைகளும் கண்ணைக் காயவைக்கும், முகப்பருவுக்கான ஐசோட்ரெடினோயின், மனச்சோர்வுக்கான சில மருந்துகள் மாதிரி. அவற்றை நீங்களாக நிறுத்தக்கூடாது, பட்டியலை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

அலர்ஜி வருடா வருடம் வந்து வாழ்க்கையைக் கெடுக்கிறது, எதற்கு அலர்ஜி என்று சோதனையில் உறுதியாகத் தெரிகிறது என்றால் இம்யூனோதெரபி ஒரு வழி, அதாவது அலர்ஜிப் பொருளையே சின்னச் சின்ன அளவில் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சை. மூன்று முதல் ஐந்து வருடம் எடுக்கும். கண்ணைக் காயவைக்காமல் அலர்ஜியின் அடிமடியிலேயே கைவைப்பது என்பதால் அந்தக் காத்திருப்புக்கு அர்த்தம் உண்டு.

ஒரு கண்ணில் மட்டும் வலி, வெளிச்சம் பார்க்க முடியாமை, சிமிட்டியும் தெளியாத மங்கல், லென்ஸ் போடும் கண்ணில் திடீர்ச் சிவப்பு, மஞ்சள் பச்சையாகப் பீளை, இதில் எது இருந்தாலும் மேலே எழுதியது எதுவும் உங்களுக்கு இல்லை. அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள்.

என் விஷயத்தில் மாத்திரை நின்றது, மூக்குக்கு ஸ்ப்ரே, கண்ணுக்குக் கீட்டோடிஃபெனும் குட்டிக் குப்பிகளும். முதல் வாரம் தும்மல் திரும்பி வந்தது, மறுபடியும் மாத்திரை அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வாரம் ஸ்ப்ரே வேலை செய்ய ஆரம்பித்தது. ஆறு வாரம் கழித்து அதே காகிதப் பட்டையை மாட்டினார்கள், இந்த முறை 9. பத்தைத் தாண்டவில்லையே என்றேன். "மாலையில் எரிகிறதா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன், கடைசியாக எப்போது எரிந்தது என்று ஞாபகம் வரவில்லை.